வலது பக்கம் நகர்ந்துபோன பாடகர்

வேலையை விட்டு வந்த பிறகும் எனக்கு வரும் போன் நிற்கவில்லை. வாரத்துக்கு ஒருவராவது கூப்பிட்டு, "சேவியர் அண்ணே, கம்மி வெலையில நல்ல ஸ்பீக்கரா ஒரு ஜோடி சொல்லுங்க" என்பார். புதுச்சேரி சாரம் பகுதியில் எங்கள் தெருவிலேயே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் இருக்கிறார். போன மாதம் நாலு ஸ்பீக்கர்களின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பி, ஒவ்வொன்றும் எத்தனை நட்சத்திரம் வாங்கியிருக்கிறது என்றும் எழுதி, "இதுல எது பெஸ்ட்?" என்று கேட்டிருந்தார். "எந்த ரூம்ல வைக்கப் போறீங்க? எங்க உக்காந்து கேப்பீங்க? என்ன மாதிரி பாட்டு?" என்று திருப்பிக் கேட்டேன். கை கூப்பும் படம் ஒன்று வந்தது. அதோடு சரி. பிறகு ஏதோ ஒன்றை வரவழைத்து, பிடிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டு, வேறொன்று வரவழைத்தாராம். இப்போது அதெல்லாம் சுலபம். காரணம் என்று நாலு வரி இருக்கும், ஒன்றைத் தொட்டால் போதும், ஆள் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

நான் வேலை பார்த்த ஸ்பீக்கர் கடையிலும் திருப்பி எடுத்துக்கொள்வோம். ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று எங்கள் முதலாளி உட்கார வைத்து விசாரிப்பார். சில பேருக்கு அந்த விசாரணை பிடிக்காது. அப்படி விசாரிக்கப்போய் ஒரு தடவை, நாங்கள் நினைத்தே பார்க்காத ஓர் இடத்தில் கொண்டுபோய் விட்டது.

முதலாளியின் பெயர் லெயோன். புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களை சொல்தா என்போம். அவர் சொல்தா. அங்கே ரேடியோ, வயர்லெஸ் பிரிவில் இருந்தவர். திரும்பி வந்த சொல்தாக்கள் பெரும்பாலும் வீடு கட்டி வாடகைக்கு விட்டுவிட்டுக் கடற்கரையில் நடப்பார்கள். இவர் பழைய வீடு ஒன்றின் முன்கட்டை எடுத்து ஸ்பீக்கர் கடை வைத்தார். வாடிக்கையாளர்கள் எல்லாரும் அவரை மிசியே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படித்தான்.

நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, ரேடியோ, டேப்ரிக்கார்டர் ரிப்பேர் கடை இரண்டில் மாறி மாறி வேலை செய்துவிட்டு அவரிடம் போய்ச் சேர்ந்தேன். முதல் சில வருஷம் ஒயர் வெட்டினேன், பெட்டி தூக்கினேன், லாஸ்பேட்டையிலிருந்து பாகூர்வரை யார் வீட்டில் ஸ்பீக்கர் கொரகொரத்தாலும் போய்ப் பார்த்தேன். அதில் சொல்ல அதிகம் இல்லை. ஒன்றே ஒன்று: எங்கள் ஊர் உப்புக்காற்றில் எந்தச் சாமான் நிற்கும், எது நிற்காது என்று அந்த வருஷங்களில்தான் கையால் தெரிந்துகொண்டேன். ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். சிலதில் அது பஞ்சு, சிலதில் ரப்பர். பஞ்சு வளையம் வைத்தது கடையில் கேட்க அருமையாக இருக்கும். கடலோரத்தில் வைத்திக்குப்பம் பக்கம் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்தால், கொஞ்ச காலத்தில் தொட்டதும் மாவாக உதிரும். அதனால் குறைந்த விலையில் கேட்டு வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் முன்பக்கத் துணியைக் கழற்றி அந்த வளையத்தைக் காட்டுவோம். ரப்பர்தானா என்று பாருங்கள், மற்றது பிறகு.

மிசியே வியாபாரம் செய்யும் விதம் வேறு மாதிரி. "பெஸ்ட்" என்ற வார்த்தை கடையில் யார் வாயிலும் வரக்கூடாது. "யாருக்கு பெஸ்ட்? எந்த வீட்டுக்கு பெஸ்ட்?" என்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நான் வால்யூம் திருகைக் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் போதும், பின்னாலிருந்து "துஸ்மான், துஸ்மான்" என்று வரும். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தம். வண்டி ஓட்டும்போதும் அதையே சொல்வார்.

வந்தவர் எவ்வளவுக்குள் வாங்க நினைக்கிறார் என்று கேட்டுக்கொண்டு, அந்த அளவுக்குள் அடங்குகிற ஜோடிகளை மட்டும் வரிசையாக வைப்போம். அதற்கு மேலானதைக் காட்டி ஆசை கிளப்பக்கூடாது என்பது அவருடைய கட்டளை. வரிசைக்கு முன்னால் ஒரு மெல்லிய கறுப்புத் துணியை இழுத்துவிடுவோம். சத்தம் வரும், பெட்டி தெரியாது. ஒவ்வொரு ஜோடிக்கும் வால்யூம் திருகில் சாக்பீஸால் ஒரு கோடு. எல்லாம் ஒரே அளவு சத்தத்தில் பாட வேண்டும் என்பதற்காக அளந்து போட்ட கோடுகள் அவை. கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போடுகிற ஸ்பீக்கர் எப்போதும் நல்ல ஸ்பீக்கர் மாதிரியே தோன்றும். மற்ற கடைகளில் விற்க நினைக்கிற ஜோடிக்கு ஒரு சுற்று கூட வைப்பார்கள். எங்கள் கடையில் அது பாவம்.

முதலில் பாட்டுப் போட மாட்டோம். நான் செய்தித்தாள் படித்ததை டேப்பில் பிடித்து வைத்திருந்தார். அதைப் போடுவார். வந்தவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று நானும் அதே செய்தியைப் படிப்பேன். எந்த ஜோடியில் என் குரல் என் குரலாகவே கேட்கிறது, எதில் ஜலதோஷம் பிடித்த மாதிரி கேட்கிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். மனிதக் குரலை ஒழுங்காகச் சொல்லத் தெரியாத ஸ்பீக்கர் வீணையை மட்டும் எப்படிச் சொல்லும்? அதற்குப் பிறகுதான் அவர்கள் கொண்டுவந்த பாட்டு.

அப்படி ஒரு சி.டி.யை எடுத்துக்கொண்டு வந்தவர்தான் கலைச்செல்வி மேடம். அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க், லாஸ்பேட்டையில் குவார்ட்டர்ஸ். கூடவே அவர் கணவர் கணேசன் சார், பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். மைதானத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பேசிப் பழகிய தொண்டை. உள்ளே வந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு, "டி.வி.யிலயே ஸ்பீக்கர் இருக்குது. இதுக்குன்னு தனியா வாங்கணுமாம்" என்று பொதுவாக எல்லாரிடமும் சொன்னார். கோபமில்லை, வேடிக்கை மாதிரிதான்.

மேடம் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "ஆபீஸ்லேர்ந்து வந்து சமையல முடிச்சுட்டு ஒரு மணி நேரம் உக்காந்து கேப்பேன் மிசியே. அது ஒண்ணுதான் எனக்குன்னு. அதுக்குத் தகுந்த மாதிரி காட்டுங்க" என்றார்.

அவர் கொண்டுவந்தது ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரி. முதல் ஜோடியில் போட்டோம், கேட்டார். இரண்டாவதில் போட்டதும் கையை நீட்டிக் காற்றில் காட்ட ஆரம்பித்தார். "இங்க நடுவுல பாடறவரு. வலது பக்கம் வயலின். இடது பக்கம் மிருதங்கம், கொஞ்சம் பின்னால தள்ளி. மொத ஜோடியில எல்லாரும் கசகசன்னு உக்காந்திருந்தாங்க. இதுல அவங்கவங்க எடத்துல இருக்காங்க." துணிக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். அந்த வரிசையிலேயே விலை குறைந்த ஜோடி அது. துணியை விலக்கிக் காட்டியபோது கணேசன் சார் கைதட்டினார். "இவளக் கட்டிக்கிட்டதுல இன்னிக்குதான் மொத லாபம்" என்றார்.

மறுநாள் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். சின்னக் கூடம், நாலு பக்கமும் சிமென்ட் சுவர், ஒரு மூலையில் இரும்பு பீரோ. ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் குடத்துக்குள் பேசுவது போல இருந்தது. சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்து, இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரமும் நாற்காலிக்கு இருக்கும் தூரமும் ஒன்றாக வரும்படி வைத்தேன். மிருதங்கத்தின் கனத்த பக்கமான தொப்பியில் அடி விழும்போதெல்லாம் பீரோக் கதவும் சேர்ந்து வாசித்தது. காகிதத்தை மடித்துச் செருகினேன். மேடம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "வந்துட்டாங்க" என்றார். யார் வந்தார்கள் என்று சமையலறையிலிருந்து கணேசன் சார் எட்டிப் பார்த்தார்.

சில வருஷம் அவர்களிடமிருந்து ஒரு புகாரும் இல்லை. பிறகு ஒரு நாள் மேடம் தனியாக வந்தார்.

"சேவியர், இடது ஸ்பீக்கர் போயிடுச்சுன்னு நெனைக்கிறேன்."

"சத்தமே வரலியா மேடம்?"

"வருது. ஆனா மிருதங்கம் எங்கியோ தூரத்துல வாசிக்கிற மாதிரி இருக்குது. பாடறவரு நடுவுல இல்ல. நகந்து வலது பக்கமா போய் உக்காந்துட்டார்."

பாடகர் நகர்ந்துவிட்டார் என்று புகார் சொன்ன வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான். நான் அன்று சாயங்காலமே போனேன். இடது ஸ்பீக்கரின் ட்வீட்டரில் காதை வைத்துக் கேட்டேன். உச்ச சுரங்களைச் சொல்லும் சின்னக் கூம்பு அது. நன்றாகவே சொல்லிக்கொண்டிருந்தது. ஒயர் முனைகளில் உப்புப் பூத்திருந்ததைச் சுரண்டித் துடைத்தேன். மேடம் உட்கார்ந்து பார்த்து, இல்லை என்று தலையாட்டினார். இடது ஸ்பீக்கரைத் தூக்கி வலது பக்கமும் வலதை இடது பக்கமும் மாற்றி வைத்தேன். ஸ்பீக்கரில் கோளாறு என்றால் கோளாறும் கூடவே வலது பக்கம் போக வேண்டும். போகவில்லை. "இப்பவும் இடதுதான் மங்கலா இருக்குது" என்றார். அப்படியானால் ஆம்ப்ளிஃபயராக இருக்கலாம் என்று பின்னால் ஒயர்களையும் மாற்றிப் போட்டேன். அப்போதும் இடது.

நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். எனக்குப் பாடகர் நடுவில்தான் இருந்தார்.

கணேசன் சார் வாசலில் நின்று, "என்னப்பா, இவளுக்கு மனப்பிராந்தியா? கொஞ்ச நாளாவே அப்படித்தான் இருக்கா. கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கறா" என்றார். முதலாளியைக் கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மிசியே நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். இரண்டு தடவை கேட்டார் என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் மாற்றிப் போட்ட வரிசையைத் திரும்பவும் சொல்லச் சொன்னார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ஸ்பீக்கர மாத்தின. ஒயர மாத்தின. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது சேவியர்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து இரண்டு பேரும் லாஸ்பேட்டைக்குப் போனோம். மிசியே எதையும் தொடவில்லை. அதே கச்சேரியை அதே சத்தத்தில் போடச் சொன்னார். மேடத்தை உட்கார வைத்து, எந்தப் பக்கம் மங்கல் என்று கையால் காட்டச் சொன்னார். ஜன்னல் பக்கம் இருந்த ஸ்பீக்கரைக் காட்டினார். அது அவருக்கு இடது.

"இப்ப எழுந்திரிங்க மேடம். சேரை அப்படியே திருப்பிப் போடறோம். ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உக்காருங்க."

உட்கார்ந்தார். பாட்டு போய்க்கொண்டிருந்தது.

"இப்ப எது மங்கலா இருக்குது?"

மேடம் கையைத் தூக்கினார். ஜன்னல் பக்கம் காட்டப்போன கை பாதியில் நின்று, பிறகு மெதுவாக மறுபக்கம், பீரோ பக்கம் போனது. இப்போது அந்தப் பக்கம்தான் அவருக்கு இடது. கையை இறக்காமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பின்னால் வயலின் வாசித்துக்கொண்டிருந்தது.

"அப்ப ஸ்பீக்கர் இல்ல" என்றார்.

மிசியே என்னைப் பார்த்தார். நான் போய் பாட்டை நிறுத்தினேன். அவர் ஒரு முக்காலியை இழுத்து மேடத்துக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"போன் எந்தக் காதுல வெச்சுப் பேசறீங்க மேடம்?"

"வலதுல." யோசித்தார். "முன்னெல்லாம் இடதுலதான். எப்ப மாத்துனேன்னு தெரியல."

"தல சுத்துதா? நடக்கும்போது தள்ளாட்டம்?"

"மாடிப்படி எறங்கும்போது எப்பவாச்சும். பிரஷர்னு நெனச்சேன்."

"எனக்குக் காது போயிடுச்சு, தெரியுமா உங்களுக்கு?" என்றார் மிசியே. எனக்கே அது அன்றுவரை தெரியாது. "பீரங்கிச் சத்தம். ரெண்டு காதுலயும் உச்சத்துல இருக்கற சத்தம் கேக்காது. ராணுவத்துல எங்களுக்கு வருஷா வருஷம் காதுக்கு டெஸ்ட் வெப்பாங்க. அங்க டாக்டர் ஒருத்தர் சொன்னார். ரெண்டும் சேந்து கொறஞ்சா வயசு காரணம், இல்லன்னா சத்தம். ஒண்ணு மட்டும் கொறஞ்சா விடக்கூடாது, ஏன்னு தேடணும்னு. நீங்க காது டாக்டர்கிட்ட போங்க. இந்த வாரமே."

அவர்கள் போனார்கள். ஒரு டாக்டர் பார்த்து, காதில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று சுத்தம் செய்து சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார். சில நாள் கழித்து கணேசன் சார் தனியாகக் கடைக்கு வந்தார். கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை.

"ஏங்க, உங்க சாமான் கெட்டுப்போச்சுன்னு ஒத்துக்க மனசில்லாம எம் பொண்டாட்டிக்குக் காது செவிடுன்னு கட்டி விட்டீங்களா? அவ ராத்திரி தூங்க மாட்டேங்கறா. டாக்டரு ஒண்ணுமில்லன்னு சொல்லியாச்சு. இன்னும் அதேதான் சொல்றா, பாடறவரு அந்தப் பக்கம் இருக்கார், இந்தப் பக்கம் இருக்கார்னு. ஸ்பீக்கர மாத்திக் குடுங்க. அதோட விடுங்க எங்கள!"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். மிசியே கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளே போய்ப் பிரிக்காத பெட்டி ஒன்றை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். அதே ஸ்பீக்கர், புது ஜோடி. கவுன்டர் மேல் வைத்தார்.

"இத எடுத்துட்டுப் போங்க மிசியே கணேசன். ஒண்ணும் குடுக்க வேண்டாம். நீங்களே மாட்டுங்க, சேவியர் வர வேண்டாம். மேடம் கேக்கட்டும். பாடறவரு நடுவுல வந்து உக்காந்துட்டார்னா, நான் தப்பு. உங்க வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேக்கறேன். வரலன்னா, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க."

கணேசன் சார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். "நாம வேற ஏதாவது சொல்லியிருக்கலாமே மிசியே" என்றேன். "அவருக்கு நம்ம மேல கோவம் இல்ல. பயம்" என்றார். "பயந்தவங்ககிட்ட வார்த்தைய குடுக்கக் கூடாது. செஞ்சு பாக்கறதுக்கு ஏதாவது குடுக்கணும்."

அந்த வாரம் கடை மணி அடித்தபோதெல்லாம் வாசலைப் பார்த்தேன். பாடகர் நடுவில் வந்துவிட வேண்டும், மிசியே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன்.

கணேசன் சார் வந்தார். பெட்டியை, பழைய மாதிரியே நாடா கட்டி, கவுன்டர் மேல் வைத்தார். அந்தப் பெரிய தொண்டையில் குரலே இல்லை.

"நடுவுல வரல மிசியே. நானும் கண்ண மூடிட்டு உக்காந்து பாத்தேன். எனக்கு வந்தார். அவளுக்கு வரல."

ஸ்கேனில் தெரிந்தது. இடது காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் மேல் ஒரு கட்டி. புற்று இல்லை, மெதுவாக வளர்கிற வகை. விட்டிருந்தால் முகத்து நரம்பை அழுத்தும், பிறகு இன்னும் உள்ளே போகும் என்றார்களாம். சின்னதாக இருக்கும்போதே வந்துவிட்டீர்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று பெரிய டாக்டர் கேட்டிருக்கிறார். "ஸ்பீக்கர் கடையில" என்று மேடம் சொல்லியிருக்கிறார். டாக்டர் ஏதோ ஆஸ்பத்திரியின் பெயர் என்று நினைத்துக்கொண்டாராம்.

ஆபரேஷனில் உயிருக்கு ஆபத்து குறைவு, ஆனால் அந்தக் காது மிஞ்சாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அப்படியே ஆயிற்று. முகம் ஒரு பக்கம் கொஞ்ச நாள் இழுத்திருந்து பிறகு சரியானது. இடது காது முழுக்கப் போனது.

மாதங்கள் கழித்து மேடம் கடைக்கு வந்தார். மெலிந்திருந்தார். தலையில் சீலை முந்தானையை இழுத்து விட்டிருந்தார். கணேசன் சார் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்.

"பாட்டு போட்டா எரிச்சலா வருது மிசியே. எல்லாம் கொழகொழன்னு ஒண்ணா கலந்து கேக்குது. வார்த்த பிரியல. ஒரு காது உள்ளவங்களுக்குன்னு ஏதாச்சும் ஸ்பீக்கர் இருக்குதா? இல்லன்னா இதோட விட்டுடறேன்."

மிசியே உடனே ஒன்றும் எடுத்துக் காட்டவில்லை. "எனக்குத் தெரியல மேடம். கத்துக்கிட்டு சொல்றேன்" என்றார்.

அவர்கள் போனதும் மெழுகும் பஞ்சும் வாங்கிவரச் சொன்னார். அவர் இடது காதை அடைத்துக்கொண்டார், என் இடது காதையும் அடைத்துவிட்டார். சில நாள் கடையில் அப்படியே இருந்தோம். வந்தவர்கள், எங்கள் இரண்டு பேருக்கும் காதில் சீழ் பிடித்திருக்கிறதா என்று விசாரித்தார்கள். கடையில் இருந்த ஜோடிகளையெல்லாம் ஒற்றைக் காதால் கேட்டோம். அப்போதுதான் புரிந்தது. இரண்டு காது இருக்கும்போது, நேராக வருகிற குரலையும் சுவரில் பட்டுத் திரும்பி வருகிற குரலையும் நாம் அறியாமலே பிரித்துக்கொள்கிறோம். ஒரு காதால் அது முடிவதில்லை. சுவர் பாடுவதும் பாடகர் பாடுவதும் ஒன்றாகவே வந்து விழுகின்றன. எங்கள் கடையின் உயரமான பழைய கூரைக்குக் கீழே, எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கராக இருந்தாலும், வார்த்தை பிரியவில்லை. ஸ்பீக்கரை அடைத்த காதின் பக்கம் வைத்தால் இன்னும் மோசம். சின்ன ஸ்பீக்கர் ஒன்றே ஒன்றை, கேட்கிற காதின் உயரத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்து, மெதுவாகப் போட்டபோது பளிச்சென்று கேட்டது.

"இதுக்குப் புதுசா ஒண்ணும் விக்க வேணாம்" என்றார் மிசியே. "அவங்ககிட்ட இருக்கறதுல ஒண்ணு போதும்."

ஆனால் ஒரு ஸ்பீக்கரை மட்டும் போட்டால் பாதிக் கச்சேரிதான் வரும், மற்ற பாதி மற்ற ஸ்பீக்கரோடு போய்விடும். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்ப, ரெசிஸ்டர்களை வைத்துப் பற்றவைத்து ஒரு சின்ன டப்பி செய்தேன். சி.டி. பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் அதை மாட்ட வேண்டும், அவ்வளவுதான். என் வேலைக்காலம் முழுக்க எவ்வளவோ பற்றவைத்திருக்கிறேன். இவ்வளவு யோசித்துப் பற்றவைத்தது கிடையாது.

லாஸ்பேட்டைக்குப் போனோம். பீரோவை உள்ளறைக்குத் தள்ளினோம். நாற்காலிக்கு எதிர்ச் சுவரிலும் பின்சுவரிலும் கணேசன் சார் கோரைப்பாயும் பழைய ஜமுக்காளமும் அடித்தார். ஆணி அடிக்கிற ஒவ்வொரு தடவையும், "இது போதுமா, இன்னும் கொஞ்சம் மேல ஏத்தவா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு ஸ்பீக்கரை ஸ்டூல் மேல் ஏற்றி, மேடத்தின் வலது பக்கம் கொஞ்சம் முன்னால் வைத்தேன். மற்றதை என்ன செய்வதென்று பேச்சு வந்தது. "யாருக்காவது குடுத்துடலாம்" என்றார் மேடம். "எதுக்கு? இருக்கட்டும்" என்று கணேசன் சார் அதைத் துடைத்துப் பரண் மேல் ஏற்றினார்.

மிசியே வால்யூம் திருகைத் தானே பிடித்துக்கொண்டார். மேடம் தலையை ஒரு தடவை இப்படி, ஒரு தடவை அப்படித் திருப்பி, ஓர் இடம் கண்டுபிடித்து நிறுத்தினார். சரணத்தில் ஒரு வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாடினார். மேடத்தின் உதடு கூடவே அசைந்தது.

"வார்த்த தெரியுது" என்றார். பிறகு சிரித்துவிட்டார். "வித்வான்க எல்லாரும் ஒரே பெஞ்சுல நெருக்கியடிச்சுட்டு உக்காந்திருக்காங்க மிசியே. டவுன் பஸ் மாதிரி."

"கீழ எறங்காம இருந்தா சரி" என்றார் மிசியே.

மேடம் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். பணி ஓய்வு பெற்றுவிட்டார். மிசியே கடையை மூடிவிட்டு மகள் வீட்டுக்கு பிரான்ஸுக்குப் போய்விட்டார். ஒரு ஜோடி ஸ்பீக்கர் எது நல்லது என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு, நான் திருப்பிக் கேட்கிற கேள்விகள் ஏன் இவ்வளவு நீளம் என்று இப்போது புரிந்திருக்கும்.

அன்று லாஸ்பேட்டையிலிருந்து நாங்கள் கிளம்பும்போது கணேசன் சார் வெளி கேட்டுவரை வந்தார். மிசியேயின் வண்டிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல நினைக்கிறார் என்று அந்தக் கையிலேயே தெரிந்தது.

"ஆபரேஷனுக்கு மொத நாள் சாயங்காலம், மிசியே. பையெல்லாம் கட்டி வெச்சாச்சு. சாமி கும்புடறாளோன்னு பாத்தா, பாட்டு போட்டுட்டு உக்காந்திருக்கா. சேரை ஸ்பீக்கருக்குப் பக்கவாட்டுல போட்டுக்கிட்டு, இடது காத அதுக்குக் கிட்ட வெச்சுக்கிட்டு, வலது காத கையால இறுக்கி மூடியிருந்தா. அந்தக் காதுல என்ன கேட்டிருக்கும்? லேசா ஏதோ கேட்டிருக்கும். 'ஏண்டி, நல்ல காதுல கேக்கறதுதானே'ன்னு கேட்டேன். 'அதுக்குத்தான் இனிமே எப்பவும் இருக்குதே. இதுக்கு இன்னிக்குதானே'ன்னா."

மிசியே ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

உள்ளேயிருந்து மேடம் கூப்பிட்டார். "என்னங்க! அவங்க காபி குடிக்காமயா போறாங்க?"

கேட்டிலிருந்தே ஒரு சத்தம் போட்டிருந்தால் தெருமுனைவரை கேட்டிருக்கும், அவர் தொண்டை அப்படி. அவர் போடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நாற்காலியைச் சுற்றிக்கொண்டு மேடத்தின் வலது பக்கம் வந்து, குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"குடிச்சிட்டுத்தான் போவாங்க செல்வி. நீ கேளு, நான் போடறேன்."